ஈரமும் களஞ்சியமும்

விளைவித்தல் ஒரு தொழில். விளைந்ததைக் காத்தல் மற்றொரு தொழில். முன்னதன் அருமையை எல்லாரும் அறிவர். உழவர் சேற்றில் இறங்கி உழுவதையும், பெண்டிர் வரிசையாக நின்று நாற்று நடுவதையும், அறுவடைக் காலத்தில் களம் பொன்னிறமாகப் பொலிவதையும் பாராட்டாதார் இலர். ஆனால், களத்திலிருந்து வீடு வந்த நெல் அடுத்த அறுவடை வரையில் கெடாமல் இருப்பதற்கு எத்துணை அறிவும் உழைப்பும் வேண்டும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வீடு நிறைய மூட்டைகள் அடுக்கியிருந்தும் அவை பூசணம் பிடித்துப் போகுமாயின், அந்த ஆண்டின் உழைப்பு முழுவதும் வீணே அன்றோ?

சேமித்து வைத்த உணவுப் பொருள்களுக்குப் பகைகள் பல. எலி தின்னும், வண்டு துளைக்கும், அந்துப்பூச்சி அரிக்கும், பூசணம் படரும். இவையெல்லாம் கண்ணுக்குப் புலனாவன. இவற்றினும் பெரிய பகை ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தோன்றாமல் வந்து, ஏனைய பகைகளுக்குக் கதவைத் திறந்து விடும். அதுவே ஈரம். எலி ஒன்றை நீக்கிப் பார்த்தால், மற்றவை யாவும் ஈரத்தின் துணைகொண்டே பெருகுகின்றன. ஈரம் தானியத்தை எவ்வாறு கெடுக்கிறது, எவ்வழிகளால் களஞ்சியத்திற்குள் நுழைகிறது, அவ்வழிகளை அடைப்பது எப்படி என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

நெல்லையும் பயற்றையும் உயிரற்ற பொருள்கள் என்று நாம் கருதிவிடுகிறோம். உண்மை அஃதன்று. ஒவ்வொரு மணியும் உறங்கிக் கிடக்கும் ஓர் உயிர். மண்ணிலிட்டு நீர் தெளித்தால் அது முளைவிடுவதே இதற்குச் சான்றாகும். உறங்கும் மனிதன் மூச்சு விடுவதுபோல, உறங்கும் மணியும் மூச்சு விடுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, கரியமிலவாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. நன்கு உலர்ந்த மணியில் இம்மூச்சு மிக மெல்லியதாக நிகழும். ஈரமுள்ள மணியிலோ மிக விரைவாக நிகழும். மூச்சு விரையவே குவியலில் வெப்பமும் ஈரமும் மிகும். அவை மிகவே மூச்சு மேலும் விரையும். ஈர நெல் நிறைந்த மூட்டைக்குள் கையை நுழைத்துப் பார்த்தால் சூடாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

அந்தச் சூடும் ஈரமும் பூசணத்திற்கு மிக உகந்தவை. பூசண வித்துகள் காற்றில் எங்கும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவை இல்லாத வீடும் இல்லை, களமும் இல்லை. மணிகளுக்கு இடையே உள்ள காற்று, தான் தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு 65 பங்கிற்குக் குறைவாகவே கொண்டிருக்கும் வரையில் அவ்வித்துகள் முளைப்பதில்லை. ஈரம் அந்த அளவை மீறி ஏற ஏற, அவை ஒவ்வொன்றாக முளைத்துப் படரத் தொடங்கும். முதலில் ஒருவகை முடைநாற்றம் தோன்றும். பின்னர் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். அதன் பின்னரே பச்சை, கறுப்பு, மஞ்சள் நிறங்கள் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும்போது கேடு வெகுதூரம் சென்றிருக்கும்.

பூசணத்தால் சுவையும் நிறமும் மட்டுமே கெடும் என்று நெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தனர். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றிற்று. அங்குப் பண்ணைகளில் வளர்க்கப்பட்ட வான்கோழிகள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டவை சில திங்களுக்குள் மாண்டன. நோய் இன்னதென்று முதலில் எவர்க்கும் விளங்கவில்லை. அறிஞர்கள் ஆராய்ந்து, பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே அவற்றின் இறப்பிற்குக் காரணம் என்று கண்டனர். பிண்ணாக்கில் படர்ந்திருந்த ஒருவகைப் பூசணம் கொடிய நஞ்சு ஒன்றை உண்டாக்கியிருந்தது. அந்நஞ்சிற்கு ‘அஃப்ளடாக்சின்’ என்று பெயரிட்டனர். அது கல்லீரலைத் தாக்குவது; சிறிது சிறிதாக நெடுநாள் உட்சென்றால் புற்றுநோயையும் விளைவிப்பது.

நம் நாட்டிலும் இத்தகைய துயரம் ஒன்று நேர்ந்தது. 1974 ஆம் ஆண்டின் இறுதியில் குஜராத்து, இராசசுத்தானம் ஆகிய மாநிலங்களின் எல்லையை ஒட்டிய சிற்றூர்களில், மக்காச்சோளம் அறுவடையாகும் பருவத்தில் காலமல்லாக் காலத்து மழை பெய்தது. நனைந்த கதிர்களை நன்கு உலர்த்த இயலாத ஏழை மக்கள், அவற்றை அப்படியே சேமித்து உண்டனர். அவர்களுக்கு மஞ்சட்காமாலையும் வயிற்று வீக்கமும் கண்டன. நூற்றுவர்க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அவ்வுணவைத் தின்ற வீட்டு நாய்களும் மாண்டன. அம்மக்கள் உண்டது தம் கையால் விளைவித்த உணவே. அதனை நஞ்சாக்கியது ஈரமேயன்றி வேறில்லை.

இந்நஞ்சு கொதிக்கும் நீரிலும் அழிவதில்லை என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். பூசணம் பிடித்த கடலையைக் கழுவுவதாலோ, துடைப்பதாலோ, வறுப்பதாலோ அது தீங்கற்றதாகிவிடாது. மேலே படர்ந்தது நீங்கினாலும் உள்ளே ஊறிய நஞ்சு நீங்காது. அதனை மாட்டிற்கு இடுதலும் தகாது. நஞ்சு பாலின் வழியே மீண்டும் நம்மிடமே வந்து சேரும். ஆதலால், வந்தபின் நீக்குவதைவிட வருமுன் காப்பதே வழியாகும். அதற்கு ஈரம் நுழையும் வாயில்களை அறிதல் வேண்டும். அவை மூன்று: ஒன்று தானியமே, மற்றொன்று தரையும் சுவரும், பிறிதொன்று காற்று.

தானியம் களத்திலிருந்து வரும்போதே தன்னுள் ஈரத்தைக் கொண்டு வருகிறது. இது முதல் வாயில். அறுவடையான நெல்லில் பெரும்பாலும் நூற்றுக்கு 20 முதல் 24 பங்கு வரை நீர் இருக்கும். சில திங்கள் கெடாமல் வைத்திருக்க வேண்டுமாயின், அதனை 14 பங்கிற்குக் குறைத்தல் வேண்டும். நிலக்கடலைப் பருப்பு போன்ற எண்ணெய் வித்துகளுக்கு 8 பங்கே எல்லையாகும். எண்ணெய் நீரை ஏற்காது. ஆதலின் வித்தில் உள்ள நீர் முழுவதும் எஞ்சிய பகுதியிலே செறிந்து நின்று கேடு செய்யும்.

இக்குறைவு சிறிதென்று எண்ணற்க. நூறு கிலோ நெல்லில் 20 பங்கு ஈரம் இருப்பின், அதில் நீர் 20 கிலோ. உலர்ந்த பொருள் 80 கிலோ. அந்நெல்லை 14 பங்கு ஈரத்திற்கு உலர்த்தினால் அதன் எடை ஏறத்தாழ 93 கிலோ ஆகும். எனவே, ஒரு மூட்டையிலிருந்து 7 கிலோ நீரை, அதாவது ஒரு குடத்துப் பாதி நீரை, நாம் வெளியேற்ற வேண்டியுள்ளது. அந்நீர் மூட்டைக்குள்ளே தங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

காவிரிப் படுகை உழவர் இதன் அருமையை நன்கு அறிவர். குறுவை நெல் அறுவடையாவது புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஐப்பசியிலேதான். வெயிலை நாடும் நேரத்தில் வானம் இருண்டு விடுகிறது. தஞ்சாவூரில் இன்று இயங்கும் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், தொடக்கத்தில் இவ்வாறு மழையில் அகப்பட்ட ஈர நெல்லைக் காக்கும் வழிகளை ஆராயும் கூடமாகவே தோன்றிற்று. அந்த ஒரு சிக்கலே ஓர் ஆராய்ச்சி நிலையத்தைப் பிறப்பிக்கும் அளவிற்குப் பெரிதாயிருந்தது.

நெல்லை உலர்த்துவதற்கும் முறை உண்டு. இரண்டு விரற்கடை உயரத்திற்கு மேற்படாமல் பரப்பி, அடிக்கடி காலாலோ பலகையாலோ கிளறிவிட வேண்டும். கடும் வெயிலில் ஒரே மூச்சில் காய்ந்தால் மணியில் வெடிப்பு உண்டாகும்; அரைக்கும்போது நொய் மிகும். பொழுது சாய்வதற்குள் குவித்து மூடாவிட்டால், பகலில் போன ஈரம் இரவுப் பனியால் திரும்பி வந்துவிடும். சூடு தணிந்த பின்னரே மூட்டையில் இடுதல் வேண்டும். சூடாக இட்டால், மூட்டையின் புறப்பகுதி குளிரும்போது உள்ளிருக்கும் ஆவி அங்கு நீராகப் படியும்.

நெல் உலர்ந்ததா என்பதை அறிய முதியோர் ஒரு மணியைப் பல்லால் கடித்துப் பார்ப்பர். உலர்ந்த மணி ஓசையோடு முறியும். ஈர மணி நசுங்கும். இதனினும் தெளிவான சோதனை ஒன்றை நீங்களே செய்யலாம். ஈரமற்ற கண்ணாடிப் புட்டி ஒன்றில் கால் பங்கு நன்கு காய்ந்த உப்புத் தூளை இடுங்கள். அதன்மேல் பாதி அளவு வரை நெல்லை இட்டு, இறுக மூடி நன்றாகக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டியிருந்தால் நெல்லில் ஈரம் மிகுதி. ஒட்டாது உதிர்ந்து கிடந்தால் நெல் சேமிக்கத் தக்கது.

இரண்டாம் வாயில் தரையும் சுவரும் ஆகும். விளக்குத்திரி எண்ணெயை மேலே இழுப்பதுபோல, மண்ணும் செங்கல்லும் நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. வெறுந்தரையில் வைத்த மூட்டையின் அடிப்பகுதி முதலில் கெடுவது இதனாலேயே. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். நெல் வைக்கும் பத்தாயத்தைக் கால்களின் மேல் நிறுத்தினர். மண் குதிரைக் கல்லின் மேல் ஏற்றி வைத்தனர். விதை நெல்லை வைக்கோலால் பொதிந்து, புரிகளால் இறுகச் சுற்றி, சாணத்தால் மெழுகிக் கோட்டையாகக் கட்டி வைத்தனர். சின்ன வெங்காயத்தை இன்றும் தரையினின்று உயர்த்தி, மூங்கிற் சட்டங்களால் அமைத்த பட்டறைகளில் காற்றோட்டமாக வைக்கின்றனர்.

கோயில்களிலும் பெருங்களஞ்சியங்கள் இருந்தன. தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில், பாலைவனநாதர் திருக்கோயிலை ஒட்டி, நாயக்க மன்னர் காலத்தில் 17 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. அது 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். வட்ட வடிவில் அமைந்தமையால், ஈரமும் பூச்சியும் தங்குவதற்கு அதனுள் மூலைகள் இல்லை. 1965 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தோன்றிய இந்திய உணவுக் கழகமும் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரிலேயே தொடங்கிற்று. இக்காலப் பண்டசாலைகளில் மூட்டைகளை மரச்சட்டங்களின் மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஆள் நடக்க வழி விடுகின்றனர். கருவிகள் மாறினும், தரையைத் தீண்டாதே, சுவரில் சாயாதே என்னும் பழைய நெறி மாறவில்லை.

மூன்றாம் வாயில் காற்று. இதனை அறிந்தவர் மிகச் சிலரே. வெப்பமான காற்று மிகுந்த நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 30 டிகிரி செல்சியசு வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அதுவே 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 17 கிராமையே தாங்கும். எஞ்சியது நீர்த்துளியாகிக் குளிர்ந்த சுவரிலும் பாத்திரத்திலும் படியும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். செம்பு கசியவில்லை, காற்றே அந்நீரைக் கொணர்ந்தது.

இம்மூன்று வாயில்களும் ஒருங்கே திறந்திருக்கும் இடம் நிலவறை. ஐரோப்பா, வட அமெரிக்கா முதலிய குளிர்நாடுகளில் வீட்டின் அடியில் நிலவறை அமைத்து, அதில் உருளைக்கிழங்கையும் காரட்டையும் ஆப்பிளையும் பனிக்காலம் முழுவதும் வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். குளிர்ச்சியும் ஈரமும் நிறைந்த அவ்விடம் கிழங்கிற்கு உகந்தது. ஈரம் இல்லையேல் கிழங்கு சுருங்கிப்போகும். ஆனால், கிழங்கைக் காக்கும் அதே ஈரம் கோதுமையையும் மாவையும் கெடுத்துவிடும். ஒரு பொருளுக்கு நலம் செய்யும் இடம் மற்றொரு பொருளுக்குத் தீங்கு செய்யும் என்பதை உணராதவர், எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து இழப்படைவர்.

நிலவறையில் ஈரம் மிகும்போது சாளரத்தைத் திறந்தால் உலரும் என்று எண்ணுவது இயல்பு. கோடைக்காலத்தில் இது பெரும்பாலும் எதிர்மாறாகவே முடியும். வெளிக்காற்று 30 டிகிரி வெப்பத்தோடு, கன மீட்டருக்கு 21 கிராம் நீராவி கொண்டதாக இருக்கிறது என்று கொள்வோம். அது 20 டிகிரி குளிர்ச்சியுள்ள அறையில் புகுந்தால், கன மீட்டருக்கு 4 கிராம் நீரை உதிர்க்கும். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள சிறிய அறையில் காற்று ஒருமுறை புகுந்து குளிர்ந்தாலே 120 கிராம் நீர், அதாவது அரைத் தம்ளர் நீர், சுவரிலும் பொருள்களிலும் படிந்துவிடும். ஆகவே, வெளிக்காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும் வேளையில் திறந்து, புழுக்கமும் மழையும் உள்ளபோது மூடிவைத்தலே அறிவுடைமை.

ஓர் அறையின் ஈரம் தரையிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு முழப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இறுக ஒட்டி, ஓரிரு நாள் விட்டுவைக்க வேண்டும். தாளின் அடிப்புறம் நனைந்திருந்தால் ஈரம் நிலத்திலிருந்து வருகிறது. மேற்புறம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. நோயின் காரணம் அறிந்தபின் மருந்து தேடுவது எளிதன்றோ?

ஈரமுள்ள அறையில் வைத்தே தீரவேண்டிய பொருள்களைக் காக்கும் முறைகளும் உள்ளன. அரிசி, பருப்பு, மாவு, சர்க்கரை ஆகியவற்றைச் சாக்கிலோ காகிதப் பையிலோ வைத்தல் ஆகாது. காற்றுப் புகாத மூடியுடைய தகரப் பெட்டிகளிலும் கண்ணாடிப் புட்டிகளிலும் வைத்தல் வேண்டும். ஆனால், முன்பே உலர்த்தாத பொருளை இறுக மூடினால், ஈரத்தை உள்ளே சிறைவைத்ததாகவே முடியும். பெட்டிகளைத் தரையினின்று ஒரு முழம் உயர்ந்த பலகைகளில், சுவரைவிட்டு விலக்கி வைத்தல் வேண்டும். தகர டப்பாக்களில் அடைத்த உணவு ஈரத்தால் துருவேறும்; ஆழ்ந்த துரு ஏறியதும், உப்பியதும், கசிவதுமான டப்பாவைத் திறந்து சுவைத்துப் பார்த்தல் பெருந்தவறு. அதனுள் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய கொடு நஞ்சு இருக்கக்கூடும்.

நிலத்தடியில் தானியம் வைத்தலே ஆகாது என்று இதனால் கொள்ளுதல் வேண்டா. கருநாடகத்தின் வறண்ட பகுதிகளில், நீர் ஊறாத மேட்டு நிலத்தில் குழி தோண்டி, உட்புறம் வைக்கோல் பரப்பிச் சோளத்தை நிரப்பி, வாயை மண்ணால் இறுக மூடிவைப்பர். உலர்ந்த மணிகளின் மெல்லிய மூச்சும் பூச்சிகளின் மூச்சும் சேர்ந்து குழியிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். பூச்சிகள் மடியும், தானியம் நிலைக்கும். ஆயின், அக்காற்று மனிதனுக்கும் கேடு செய்வது. நெடுநாள் மூடிய குழியைத் திறந்தவுடன் அதனுள் இறங்கியோர் மூச்சுத் திணறி மாண்டதுண்டு. விளக்கு அணையவில்லை என்பதொன்றை மட்டும் நம்பி இறங்குதலும் கூடாது. நெடுநேரம் திறந்துவைத்துக் காற்றோட்டம் உண்டாக்கிய பின்னரே, மேலே துணையாள் நிற்க, இறங்குதல் வேண்டும்.

களஞ்சியத்தை மூடியதோடு கடமை முடிவதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறையேனும் திறந்து, கையை உள்ளே விட்டுச் சூடு உண்டா என்றும், முடைநாற்றம் உண்டா என்றும் பார்த்தல் வேண்டும். சூடு கண்டால் அன்றே வெயிலில் பரப்புதல் வேண்டும். பழையதை முன்னே செலவிட்டு, புதியதைப் பின்னே வைத்தல் வேண்டும். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து எடுத்துவைப்பதும், பருப்பை மாதந்தோறும் வெயிலில் போட்டு எடுப்பதும் நம் இல்லங்களில் பாட்டியரும் அன்னையரும் செய்துவரும் வேலைகள். அவற்றைச் சிறு வேலைகள் என்று கருதுதல் தகாது. குடும்பத்தின் ஓர் ஆண்டு உணவு அவர்கள் கைகளில் இருக்கிறது.

மாணவர்களே! நாட்டில் உணவு பெருகவேண்டும் என்று எல்லாரும் விரும்புகிறோம். கெடாமல் காத்த ஒரு மூட்டை நெல், புதிதாக விளைவித்த ஒரு மூட்டைக்குச் சமமானது. அதற்கு நிலமும் வேண்டா, நீரும் வேண்டா, உரமும் வேண்டா. உலர்த்துதல், உயர்த்தி வைத்தல், காற்றறிந்து மூடுதல், அடிக்கடி பார்த்தல் என்னும் நான்குமே வேண்டும். உங்கள் வீட்டில் அரிசிப் பெட்டி எங்கே இருக்கிறது, அது தரையில் நிற்கிறதா, சுவரில் சாய்ந்திருக்கிறதா என்பதை இன்றே சென்று பாருங்கள்.